பீரோ சாவி யாரிடம்?

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வாசகர், "பிள்ளைகளைக் கதைப் புத்தகம் படிக்க வைப்பது எப்படி?" என்று கேட்டிருந்தார். "நீங்கள் கடைசியாகப் படித்த கதையை அவர்களிடம் சொல்லுங்கள்" என்று ஒரு வரியில் பதில் போட்டுவிட்டுத் தப்பித்தேன். தப்பிக்க விடவில்லை. கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த வாரம் முழுக்கத் தொடக்கப் பள்ளியும் கதைப் புத்தகமும்தான். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். பாதிப் பேர் தலைமை ஆசிரியர்மேல் புகார் சொல்கிறார்கள். மீதிப் பாதி தலைமை ஆசிரியர்கள்.

என் மகன் மூன்றாம் வகுப்பு. புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறான். என்ன செய்வது?
*ஒரு தாய், கும்பகோணம்*

எந்தப் புத்தகத்தைக் கண்டு? பாடத்தின் கடைசியில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் புத்தகம் என்றால் நானும் கூடவே ஓடுவேன்.

நம் வீடுகளில் 'படி' என்ற சொல்லைக் குழந்தை முதன்முதலில் கேட்பதே அதட்டலாகத்தான். "போய்ப் படி." "படிக்கிற பிள்ளை இந்நேரத்துக்கு டிவி பார்க்குமா?" தமிழில் படிக்குப் பல பொருள் உண்டு. ஏறுவதற்குப் படி, அரிசி அளக்கப் படி, அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி. கேட்டதும் முகம் மலர்வது கடைசிப் படிக்கு மட்டும்தான். கதைப் புத்தகத்துக்கு மட்டும் 'வாசிப்பு' என்று தனிச் சொல் வைத்திருப்பது ஒருவகையில் நல்லது. வீணையையும் அதே சொல்லால்தான் வாசிக்கிறோம். வீணை வகுப்பில் முதல் நாளே யாரும் கச்சேரி கேட்பதில்லை.

ஒரு வாரம் 'படி' என்ற சொல்லுக்கு விடுமுறை கொடுங்கள். படம் போட்ட கதைப் புத்தகம் ஒன்றை அவன் தோசைக்குக் காத்திருக்கும் இடத்தில் மறந்து வைத்ததுபோல் வைத்துவிட்டு நகருங்கள். "என்ன புரிந்தது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எங்கள் பள்ளியில் சுமார் 400 கதைப் புத்தகங்கள் பீரோவில் பத்திரமாக உள்ளன. பிள்ளைகளிடம் கொடுத்தால் கிழித்துவிடுகிறார்கள். இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவன் நான். புரிந்துகொள்ளாமல் எழுதாதீர்கள்.
*ஒரு தலைமை ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்*

புரிந்துகொண்டுதான் எழுதுகிறேன் ஐயா. உங்கள் பயம் பொய்யில்லை. கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் கேட்க ஆள் உண்டு. வாசிக்கப்படாத புத்தகத்துக்கு விளக்கம் கேட்க ஆளில்லை. இப்படியிருந்தால் எந்தத் தலைமை ஆசிரியரும் சாவியை இடுப்பில்தான் செருகிக்கொள்வார்.

நான் படித்த தொடக்கப் பள்ளியிலும் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. ஐந்து வருடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்த புத்தகங்களின் முதுகில் என்னென்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். உள்ளே என்ன கதை என்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஊர்க் கரையான்களுக்குத் தெரியும்.

நூலகத் துறையே தலையில் வைத்துக் கொண்டாடும் எஸ்.ஆர்.ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு என்பதுதான். அதற்கு அவர் எடுத்துக்காட்டியது, ஒருகாலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை. நாம் நாகரிகமானவர்கள், சங்கிலி போடுவதில்லை, பூட்டுத்தான். அதே 1931-ல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். மண் சாலை, மழை, வைக்கோல், மாடு எல்லாவற்றையும் கடந்து அந்தப் புத்தகங்கள் ஊர் சுற்றியிருக்கின்றன. உங்கள் பீரோவிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு இருபது அடி.

செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். 400-ஐயும் திறக்க வேண்டாம். 40 புத்தகங்களை எடுத்து, பதிவேட்டில் 'வகுப்பறைக்கு வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வகுப்பில் குழந்தையின் தோள் உயரத்துக்கு ஒரு கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். வகுப்பில் புத்தகம் தொங்கவிட்ட 'புத்தகப் பூங்கொத்து' திட்டக் காலத்து ஆசிரியர் யாராவது பக்கத்தில் இருந்தால் கயிறு கட்டும் சாமர்த்தியத்தை அவரே சொல்லித்தருவார். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேரை 'புத்தக டாக்டர்' ஆக்கி, கையில் ஒரு செலோடேப்பும் கத்தரிக்கோலும் கொடுங்கள். கிழிந்தது அவர்களிடம் சிகிச்சைக்குப் போகட்டும். ஒரு மாதம் கழித்து எந்தப் புத்தகத்துக்கு அதிகத் தையல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்த முறை வாங்க வேண்டிய புத்தகம் எது என்பது தெரிந்துபோகும்.

என் கணவர் வாட்ஸ்அப் தவிர எதையும் வாசிப்பதில்லை. மகளிடம் மட்டும் "புத்தகம் வாசி" என்கிறார்.
*ஒரு வாசகி, சேலம்*

அவரும் வாசிப்பு இயக்கத்தில்தான் இருக்கிறார். 'ஃபார்வர்டு' என்ற நிலையில்.

ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு நிலைகளாக வந்துள்ளன. என் வகுப்பில் ஆறு பேர் இன்னும் 'நுழை'யிலேயே நிற்கிறார்கள். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. இவர்களைப் 'பற'க்க வைக்க வழி உண்டா?
*ஓர் ஆசிரியை, தேனி மாவட்டம்*

முதலில் அந்த ஆறு பேருக்கும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு சொல். வ, ந், து என்று ஒவ்வொன்றாய்ப் பிடித்து, கொம்பும் காலும் புள்ளியும் பார்த்து, 'கள்' வரைக்கும் வந்து சேர்வதற்குள் தலையில் இருந்த 'வந்து' இறங்கிப் போயிருக்கும். யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று கேட்டால் பாவம், அவனுக்கு வந்ததே தெரியாது. மனசுக்குள் ஒரே நேரத்தில் தாங்கிப் பிடிக்கக்கூடியது கொஞ்சம்தான். எழுத்தைப் பிடிப்பதிலேயே அது செலவாகிவிட்டால் கதைக்கு மிச்சம் இருக்காது. கதை கிடைக்காதவன் அடுத்த பக்கம் புரட்ட மாட்டான். புரட்டாதவனுக்கு வேகம் வராது. பக்கத்து பெஞ்சில் இருப்பவனோ கதை ருசியில் பத்துப் புத்தகம் முடித்து இன்னும் வேகமாகிறான். பணம் பணத்தோடு சேரும் என்பார்களே, அது வாசிப்புக்கும் பொருந்தும் என்று கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் 1986-ல் விரிவாக எழுதினார். நம் ஊர் வட்டிக்கடைக்காரருக்கு முன்பே தெரிந்த கணக்கு.

இதோடு இன்னொரு சங்கடம். அவன் வீட்டில் கேட்பது 'வந்துட்டிருக்காங்க'. புத்தகத்தில் கிடைப்பது 'வந்துகொண்டிருக்கிறார்கள்'. ஒரே தமிழ்தான், ஆனால் அவனுக்கு இது மாமா வீடு, அது கலெக்டர் ஆபீஸ். எழுத்துத் தமிழ் காதில் விழுந்து பழகினால்தான் கண்ணுக்கும் பழகும். ஆகவே தினமும் நீங்கள் வாய்விட்டு வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும். ஐந்தாம் வகுப்புக்குப் போய்க் கதை வாசித்துக் காட்டுவதா என்று கூச்சப்படாதீர்கள். வானொலி நாடகம் கேட்ட காலத்தில் நம் அப்பாக்கள் யாரும் ஐந்தாம் வகுப்பில் இல்லை.

அப்புறம் அந்த நிலைகளின் பெயர். பெயர் வைப்பதில் நம்மவர்களை மிஞ்ச முடியாது. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர். இங்கே நுழை, நட, ஓடு, பற. கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு பூ வைத்து அலங்கரித்தாலும், எந்த வரிசை 'மக்கு வரிசை' என்று கண்டுபிடிக்கக் குழந்தைகளுக்கு அரை நாள் போதும். பத்து வயதுப் பையன் கையில் எல்லார் முன்னாலும் 'நுழை' புத்தகத்தைக் கொடுத்தால் அவன் நுழைவது மேசைக்கடியில்தான்.

இதற்கு ஒரு சின்னத் தந்திரம் உண்டு. அந்த ஆறு பேரையும் கூப்பிட்டு, "ஒன்றாம் வகுப்புக் குட்டிகளுக்கு வெள்ளிக்கிழமை கதை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். நீங்கள்தான்" என்று சொல்லுங்கள். இப்போது 'நுழை' புத்தகம் அவனுடைய அவமானம் இல்லை, உத்தியோகம். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் அதே எட்டு வரியை ஒத்திகை பார்ப்பான். நீங்கள் கட்டாயப்படுத்தினால் இரண்டாவது முறைகூட வாசித்திருக்க மாட்டான். வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்பு வாய் பிளந்து கேட்கும். அவன் தப்பாக வாசித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அந்த வகுப்பில் அவன்தான் சார்.

மகள் புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். கண்டிக்கலாமா?
*ஒரு தந்தை, காரைக்குடி*

நீங்கள் போன வாரம் பார்த்த படத்தை இடைவேளையோடு விட்டு வந்தீர்களே, உங்களை யார் கண்டித்தார்கள்? பிரான்ஸில் தானியேல் பென்னாக் என்ற எழுத்தாளர், பள்ளி ஆசிரியரும்கூட, 1992-ல் வாசகனின் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். பாதியில் விடுவது அதில் மூன்றாவது உரிமை. பக்கங்களைத் தாண்டிக் குதிப்பது இரண்டாவது. முதல் உரிமை என்ன தெரியுமா? வாசிக்காமலே இருப்பது. அதை மட்டும் மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

மகன் ஒரே புத்தகத்தையே இருபது தடவை வாசிக்கிறான். புதிதாகக் கொடுத்தால் தொடுவதில்லை.
*ஒரு தாய், நாகர்கோவில்*

இதுவும் அந்தப் பட்டியலில் உண்டு. நான்காவது உரிமை. நீங்களும் அதே சாம்பாரைத்தான் இருபது வருடமாக வைக்கிறீர்கள், அவன் ஏதாவது சொன்னானா?

எங்கள் பள்ளியில் அதிகப் புத்தகம் வாசிக்கும் மாணவருக்கு ஆண்டுவிழாவில் பரிசு அறிவிக்கலாம் என்று இருக்கிறோம். உங்கள் கருத்து?
*பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், பெரம்பலூர் மாவட்டம்*

அறிவித்த மறுநாளே உங்கள் பள்ளியில் மிக மெல்லிய புத்தகங்களுக்குக் கிராக்கி ஏறும். எட்டுப் பக்கப் புத்தகம் முப்பது முடித்தவன் முன்னால், எழுபது பக்கக் கதையோடு மல்லுக்கட்டுபவள் தோற்றுப்போவாள். எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் குழந்தை எண்ணிக்கையைத்தான் வாசிக்கும்.

1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள். ஒரு பிரிவிடம், "வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பின் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, சும்மா இருக்கும் நேரத்தில் யார் ஸ்கெட்ச் பேனாவைத் தேடிப் போகிறார்கள் என்று மறைந்திருந்து பார்த்தால், சான்றிதழ் பேரம் பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது வேலை. கூலி வாங்கியாயிற்று, கடை சாத்தியாயிற்று. எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய ஆசையோடு வரைந்துகொண்டிருந்தார்கள்.

அதே நாட்டில் 1984-லிருந்து பீட்சா ஹட், ஆசிரியர் வைத்த வாசிப்பு இலக்கை முடித்தால் குழந்தைக்கு ஒரு குட்டி பீட்சா இலவசம் என்று ஒரு திட்டத்தை நடத்திவருகிறது. ஆசையே இல்லாத பிள்ளையை முதல் புத்தகம் வரைக்கும் இழுத்துவர அது உதவலாம் என்று ஒரு கட்சி, ஆசை பீட்சா மேலேதான் வரும் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. சொன்னால் என் பேரன் கோபித்துக்கொள்வான்.

பரிசு கொடுத்தே தீருவோம் என்றால் முன்கூட்டி அறிவிக்காமல் கொடுங்கள், புத்தகமாகக் கொடுங்கள். ஆண்டுவிழா மேடையில் நமக்குக் கைவந்த பரிசு சோப்பு டப்பாவும் எவர்சில்வர் கிண்ணமும். கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய கிண்ணத்தில் எங்கள் வீட்டில் இன்றும் ஊறுகாய் இருக்கிறது. கட்டுரைத் தலைப்பு 'நூலகத்தின் பயன்கள்'.

ஒவ்வொரு கதை வாசித்து முடித்ததும் 'கதையின் நீதி', 'பிடித்த பாத்திரம்', 'புதிய சொற்கள்' எழுதி வாங்குகிறோம். சரிதானே?
*ஓர் ஆசிரியர், கோயம்புத்தூர்*

கல்யாண வீட்டுப் பந்தியில் இலையை மூடியவனை வாசலில் நிறுத்தி, 'பரிமாறப்பட்டவற்றுள் உனக்குப் பிடித்த பதார்த்தம் யாது, பத்து வரிகளுக்கு மிகாமல் எழுது' என்றால் அடுத்த முகூர்த்தத்துக்கு வருவானா? மொய்யோடு முடித்துக்கொள்வான்.

ஜப்பானில் காலை வாசிப்பு என்று ஒன்று உண்டு. 1988-ல் சிபா மாகாணத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் தொடங்கியது. பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம். விதிகள் நான்கே: எல்லாரும் வாசிக்க வேண்டும், தினமும் வாசிக்க வேண்டும், பிடித்த புத்தகத்தை வாசிக்கலாம், வாசித்தால் மட்டும் போதும். அந்த நான்காவதில்தான் சூட்சுமம். அறிக்கை இல்லை, கேள்வி இல்லை, மதிப்பெண் இல்லை. அது பல்லாயிரம் பள்ளிகளுக்குப் பரவியது. முதல் விதியில் 'எல்லாரும்' என்பதில் ஆசிரியரும் அடக்கம். அவர் அந்தப் பத்து நிமிடத்தில் வருகைப் பதிவேடு போட்டால் ஆட்டம் செல்லாது.

சொல்ல வேண்டும் என்று துடிக்கும் பிள்ளை தானாக வந்து சொல்வாள். "மிஸ், அந்த நரி இருக்கே..." என்று அவள் தொடங்கும்போது நீங்கள் காது கொடுத்தால் போதும். நீதியைப் பற்றிக் கவலை வேண்டாம். நரி ஏமாந்தது என்பதைவிட நரிக்கு அன்று ராத்திரி என்ன சாப்பாடு என்பது அவளுக்கு முக்கியமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான்.

வாசிக்க எங்கே சார் நேரம்? எமிஸ் தளத்தில் பதிவு, பயிற்சி, படிவம், புகைப்படம்... வாசிப்பு நடந்ததற்கு ஆதாரம் அனுப்புவதற்குள் வாசிப்பு நேரம் முடிந்துவிடுகிறது.
*ஈராசிரியர் பள்ளியின் ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்*

உங்கள் பக்கம்தான் நியாயம். பள்ளி வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த படம் பார்த்தேன். முப்பது பிள்ளைகள், முப்பது புத்தகங்கள், எல்லா முகமும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. மூன்று பேர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். கீழே 'வாசிப்பில் மூழ்கிய மாணவர்கள்' என்று விளக்கம். நிஜமாக மூழ்கியவனைப் படம் எடுத்தால் உச்சந்தலைதான் தெரியும். மேலதிகாரிகள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால் ஒரு விண்ணப்பம்: இனி உச்சந்தலைப் படங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு: இரண்டு பேர் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கும் இடத்தில் வாசிப்பு கூடுதல் சுமை என்று எண்ண வேண்டாம், சுமைதாங்கி. சத்துணவு முடிந்து எல்லாரும் கசகசவென்று வரும் பத்து நிமிடம். ஒரு வகுப்பு கயிற்றுப் புத்தகத்தில் இருந்தால் அந்த நேரத்தில் இன்னொன்றை நீங்கள் கவனிக்கலாம். அமைதியாக இருக்கும் என்று உறுதி தர மாட்டேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு மனசுக்குள் வாசிக்க வராது. உதடு அசையும், சத்தம் வரும். அந்த இரைச்சலை மட்டும் அதட்டாதீர்கள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. மகனும் மருமகளும் திருப்பூர் கம்பெனியில். பேத்தி இரண்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுக்குப் புத்தகம் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் கூட உட்கார்ந்து வாசிக்கச் சொல்கிறார்களாம். நான் என்ன பண்ணுவேன்?
*ஒரு பாட்டி, திண்டுக்கல் மாவட்டம் (கடிதம் எழுதியது பேத்தி. 'பன்னுவேன்' என்று இருந்ததை நான் திருத்தினேன். மன்னிக்கவும் பாப்பா.)*

அம்மா, வந்த கடிதங்களிலேயே இந்த வேலைக்கு மிகத் தகுதியான ஆள் நீங்கள்தான்.

படித்த பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் தெரியுமா? பிள்ளை ஒரு வரி வாசிப்பதற்குள் நாலு தடவை குறுக்கே பாய்வார்கள். "ளகரம்! லகரம் இல்லை! மறுபடி சொல்லு!" கதை அங்கேயே செத்துவிடும். உங்களுக்கு எழுத்துத் தெரியாததால் அந்தப் பாவத்தைச் செய்ய முடியாது. உங்களுக்குத் தெரிந்தது, "அப்புறம்?" என்று கேட்பது. கதை சொல்பவருக்கு 'உம்' கொட்டத் தெரிந்த கடைசித் தலைமுறை நீங்கள். உங்கள் பாட்டி கதை சொன்னபோது நீங்கள் உம் கொட்டினீர்கள். 'உம்' நின்றுவிட்டால் தூங்கிவிட்டாள் என்று கதையும் நிற்கும். இப்போது அவள் வாசிக்கட்டும், நீங்கள் உம் கொட்டுங்கள்.

கீரை ஆய்ந்துகொண்டே கேட்கலாம். அவள் திக்கினால் காத்திருங்கள். ரொம்ப நேரம் திக்கினால் "படத்துல என்ன இருக்கு, அதைச் சொல்லு" என்று கேளுங்கள். புத்தகத்தில் காக்கா வந்தால் நடுவில் நிறுத்தி உங்களுக்குத் தெரிந்த காக்காக் கதையைச் சொல்லுங்கள். எது பெரிய கதை என்று இருவரும் சண்டை போடுங்கள். பள்ளியில் கொடுத்த அட்டையில் பெரியவர் கையெழுத்து என்று ஓர் இடம் இருந்தால், கூச்சப்படாமல் பெருவிரல் ரேகை வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட அவளிடமே கற்றுக்கொள்ளுங்கள். டீச்சர் ஏதாவது சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

காமிக்ஸ் வாசிப்பில் சேர்த்தியா?
*ஓர் ஐந்தாம் வகுப்பு மாணவன், மதுரை*

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. கணக்கு நோட்டுக்குள் மறைத்து வைத்து அதை வாசித்தவர்கள் இன்று தாத்தாக்கள். சிலர் வங்கி மேலாளராக ஓய்வுபெற்றார்கள். உன் தாத்தாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள். முதலில் மறுப்பார். அப்புறம் பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கும்.

மகள் ஆங்கிலத்தில் தடிதடியாகப் புத்தகம் வாசிக்கிறாள். தமிழ் என்றால் முகத்தைச் சுளிக்கிறாள். இத்தனைக்கும் தமிழில்தான் சண்டை போடுகிறாள்.
*ஒரு தாய், சென்னை*

சண்டைத் தமிழ் இருக்கும்வரை பயமில்லை. உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அவள் ஆங்கிலத்தில் ஒன்பது வயதுக்காரியாக வாசிக்கிறாள். தமிழில் நாம் கொடுப்பது நான்கு வயதுப் புத்தகம், அல்லது நாற்பது வயது அறிவுரை. இரண்டுக்கும் முகம் சுளிக்கத்தான் செய்வாள். ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் அச்சிட்ட இருமொழிப் படப் புத்தகங்களைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் பல வருடங்களாகப் போட்டுவருகிறது. அவளிடம் கொடுத்து, மொழிபெயர்ப்பில் தப்பு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சண்டைக்காரிகளுக்குப் பிடித்த வேலை.

செல்போன் செயலியில் வாசிக்கப் பழக்கலாமா? ஆசிரியர் சிலர் சொல்கிறார்கள்.
*ஒரு தந்தை, ஈரோடு*

அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' மையங்களில் 2022 ஜூனில் கூகுளின் 'ரீட் அலாங்' செயலியை வைத்து வாசிப்பு மாரத்தானே நடத்தினார்கள். குழந்தை வாசிப்பதை அது கேட்கும், தவறினால் காட்டும், சிரிக்காது, சலிக்காது. அந்த மட்டில் சில சித்தப்பாக்களைவிட மேல். ஆனால் பக்கத்துச் சன்னலிலேயே ரீல்ஸ் இருக்கிறதே. பாயசக் கடைக்குள் உட்கார வைத்துக் கஷாயம் குடிக்கச் சொல்கிற கதை. கொடுப்பதென்றால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், பதினைந்து நிமிடத்தில் எழுந்திருங்கள். இருவரும்.

எந்தப் புத்தகம் வாங்குவது? பெயர் சொல்லுங்கள், வளவளக்க வேண்டாம்.
*ஒரு வாசகர், தஞ்சாவூர்*

கொஞ்சம் வளவளப்பேன், பொறுங்கள். ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்குப் படம் பெரிதாக, வரி சிறிதாக இருக்கும் எதுவும் சரி. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் 2015-லிருந்து இருக்கிறது; தமிழிலும் ஏராளமான படக் கதைகள் இலவசம். அச்செடுத்து நூல் கோத்தால் பள்ளிக்கே ஒரு நூலகம். பாட்டு என்றால் அழ.வள்ளியப்பாவைத் தாண்டி இன்னும் போகவில்லை நாம். 1922-ல் பிறந்த மனிதர். எல்கேஜி இன்னும் அவர் கையில்தான்.

நாலு, அஞ்சுக்கு மேல் கொஞ்சம் தைரியமாகப் போகலாம். சாகித்ய அகாடமி 2010-லிருந்து குழந்தை இலக்கியத்துக்குத் தனி விருது தருகிறது. தமிழில் முதலில் வாங்கியது மா.கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி'. 2020-ல் யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. அதை நீங்களும் வாசித்துவிட்டுக் கொடுங்கள். தவறான தொடுதலைப் பற்றிக் குழந்தையோடு எப்படிப் பேசுவது என்று தவிக்கும் பெற்றோருக்கு அதில் கைப்பிடி கிடைக்கும். 2023-ல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடிப் பக்கம் கூட்டிப் போகும். ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லவா? ஜப்பானின் 'டோட்டோ சான்' தமிழில் கிடைக்கிறது. ரயில் பெட்டியில் வகுப்பறை வைத்த தலைமை ஆசிரியரைப் பற்றியது. குழந்தைப் புத்தகம் என்று நினைத்துக் குழந்தைகளிடமே கொடுத்துவிடாதீர்கள்.

முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்குப் புத்தகம் நன்கொடை தரப்போகிறோம். வீட்டில் உள்ள பழைய புத்தகங்களையும் சேர்க்கலாமா?
*ஒரு வாசகர், சிங்கப்பூர்*

1998-ஆம் ஆண்டு டிஎன்பிஎஸ்சி கைடையும், இரண்டாம் பாகம் மட்டும் இருக்கும் நாவலையும், ஜாதகப் பலனையும் ஒன்றாம் வகுப்பு என்ன செய்யும்? அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டு, கிடைக்கும் காசையும் நன்கொடையில் சேருங்கள். புதிதாக வாங்கும்போது ஒரே புத்தகத்தில் ஐந்து பிரதி வாங்குங்கள். ஒரு கதையை ஐந்து பேர் ஒரே வாரத்தில் வாசித்தால்தான் வம்பு பேச முடியும்.

ஊர் நூலகத்துக்கு மகனைக் கூட்டிப் போனேன். "சத்தம் போடக் கூடாது" என்றார்கள். திரும்பி வந்துவிட்டோம்.
*ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்*

திரும்பவும் போங்கள். நீங்கள் கட்டும் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி. அந்த மின்விசிறி உங்கள் காசில்தான் சுற்றுகிறது. நாலு மணிக்குப் பத்திரிகைப் பெரியவர்கள் தூங்கும் நேரம் பார்த்துப் போனால் தகராறு இல்லை. அவர்கள் குறட்டைக்கு முன்னால் உங்கள் மகன் சத்தம் எம்மாத்திரம்?

சார், எங்க ஸ்கூல் பீரோல நிறைய கதை புக்கு இருக்கு. சாவி எச்.எம். சார்கிட்ட இருக்கு. நீங்க சொன்னா குடுப்பாரா?
*நாலாம் வகுப்பு, ஆ பிரிவு, விழுப்புரம் மாவட்டம்*

அடடா, உன் எச்.எம். எனக்கும் கடிதம் போட்டிருக்கிறாரோ என்னவோ. ரெண்டாவது கேள்வியைப் பார். அவர் கெட்டவர் இல்லை, கணக்குக்குப் பயந்தவர். ஒன்று செய். இந்தப் பக்கத்தைக் கவனமாகக் கிழித்து (பத்திரிகையைக் கிழிக்கலாம், நூலகப் புத்தகத்தை மட்டும் கூடாது) காலையில் அவர் மேசையில் டீ கிளாஸுக்கு அடியில் வை. கூடவே ஒரு செலோடேப்பும் கத்தரிக்கோலும் கொண்டுபோய், "நான்தான் சார் புத்தக டாக்டர்" என்று சொல். ஐந்தாம் வகுப்பு அண்ணன்களுக்குச் சொன்ன வேலைதான், பரவாயில்லை, முந்திக்கொள்.

கொடுத்தாரா இல்லையா என்று எழுது. கொடுத்தால் முதலில் எந்தப் புத்தகத்தை எடுத்தாய் என்றும் எழுது. ரெண்டு வாரத்தில் கடிதம் வராவிட்டால் நானே பஸ் ஏறி வருவேன்.